நாக்கில் நிறம் பார்த்தவர்

அவர் கண்ணை நம்ப மாட்டார். நூலோ புடவையோ, ஓரத்து இழையை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, எச்சில் தொட்டுத் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் வைப்பார். கண்கள் மூடிக்கொள்ளும். பிறகுதான் பேசுவார். "இது என் தொட்டி" என்பார். இல்லையென்றால் "என்னுது இல்ல" என்று கையை உதறிவிடுவார். அவர் நாக்கின் நுனி எப்போதும் கருநீலமாக இருக்கும். சிரித்தால் அது தெரியும். அதனால் தெருக் குழந்தைகள் அவரைச் சிரிக்க வைக்கப் பயப்படுவார்கள்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் பலர் உண்டு. தான் போட்ட சாயத்தைப் பல வருஷம் கழித்தும் அடையாளம் சொல்லக்கூடியவராக நான் அறிந்தது இவர் ஒருவரைத்தான். நான் அந்த ஊரில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தினேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, படிப்பால் தறிக்குழியிலிருந்து வெளியே வந்தவன். இவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. எழுதாமல் செத்துவிடக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது.

ஒருமுறை பேருந்து நிலையத்தில் பெரணமல்லூர் வண்டிக்காக இருவரும் நின்றிருந்தோம். பக்கத்தில் நின்ற இளம்பெண்ணின் முந்தானையை இவர் சட்டென்று பிடித்துவிட்டார். அவள் கணவன் செருப்பைக் கழற்றினான்.

"யோவ், இன்னாய்யா பண்ற? கைய எடு!"

இவர் அவசரப்படவில்லை. விரலை நாக்கில் வைத்தார். "கோச்சிக்காத தம்பி. என் சாயம்தான். ஐப்பசில போட்டது. ஏம்மா, உன் கல்யாணத்தன்னைக்கு நல்ல மழையா?"

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பந்தலே சாஞ்சிடுச்சு," என்றாள் மெல்ல. கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு தூரமாகப் போய் நின்றான்.

"எப்படிண்ணா?" என்றேன்.

"இன்னா பெரிய மந்திரம்? ஐப்பசில சாயம் போட்டா கார்த்திகைல கல்யாணம். கார்த்திகைல மழை பெய்யாம நெருப்பா பெய்யும்?" என்று சிரித்தார். நுனி நாக்கு தெரிந்தது. ஆனால் அது ஐப்பசிச் சாயம் என்பது எப்படித் தெரிந்தது என்று அவர் சொல்லவில்லை. கேட்டால், தண்ணீர் என்பார். ஒவ்வொரு மாதத் தண்ணீருக்கும் ஒரு ருசி உண்டாம். அது சாயத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டால் துணி நைந்து போகும்வரை போகாதாம்.

சந்தவாசல் பக்கம் ஓர் ஏரியில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியபோது போலீஸ்காரர்கள் இவரைத் தேடி வந்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. புடவைத் தலைப்பில் ஒரு துண்டை வெட்டி பாலித்தீன் பையில் கொண்டுவந்திருந்தார்கள். இவர் அதைக் குண்டானில் அலசினார். பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாக்கில் வைத்தார். கூட வந்த காவலர் ஒருவர் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். இவர் கண்ணைத் திறந்து நூல் கொடுத்த வியாபாரியின் பெயரைச் சொன்னார். அந்த வாரத்துக்குள் பெண்ணின் தாய் தகப்பன் கண்டுபிடிக்கப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு இவர் தெருவில் வந்தால் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். இவர் தொட்ட துணி பிணத்துக்குத்தான் போகும் என்று யாரோ சொல்லி வைத்தார்கள். போலீஸுக்கோ இவர் நாக்குதான் சாட்சி. இவர் சொன்னால் அப்பீல் கிடையாது என்று ஆய்வாளரே வேடிக்கையாகச் சொல்வார். இந்த இரண்டு விஷயங்களும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. தெரிந்தும்தான் அதைச் செய்தேன்.

என் மகள் கல்யாணத்துக்குப் பச்சைப் புடவை வேண்டும் என்றாள். இவரிடம் சொன்னேன். இரண்டு தரம் நூலை நனைத்துப் பார்த்து, பிடிக்காமல் ஒதுக்கிவிட்டார். அந்த வருஷம் அவர் கிணறு வற்றியிருந்தது. ஏதோ ஒரு குட்டைத் தண்ணீரை மாட்டுவண்டியில் கொண்டுவந்து மூன்றாவது தரம் போட்டார். நாற்று பிடுங்குகிற நாளில் விடியற்காலையில் வயல் இருக்குமே, அந்தப் பச்சை. வீட்டுக்கு வந்து நூல் சிட்டத்தை என் மகள் கையில் வைத்துச் சொன்னார்: "பாப்பா, இந்தப் பச்சை இன்னொருத்தருக்கு வராது. நானே நெனச்சாலும் வராது. அந்தக் குட்டையில தண்ணி தீந்துபோச்சு."

சாயப்பட்டறைக்கு எதிரில் ஒரு தையல் கடை. தையல்கார பாயும் இவரும் ஏறக்குறைய ஒரே வயது. தினமும் நாலு மணிக்கு டீ. பள்ளி விட்டதும் நானும் சேர்ந்துகொள்வேன். வடக்கே எங்கோ கலவரம் என்று பத்திரிகையில் வந்திருந்த ஒரு நாள், இவர் என்னைக் கேட்டார்.

"வாத்தியார் சார், பசங்களுக்கு சிலுவைப் போர் நடத்துறீங்களே. அது சாமிக்காக நடந்த சண்டையா, நாட்டுக்காக நடந்த சண்டையா?"

"அரசியல்தாண்ணா. மதம் மேல போத்தின போர்வை."

"போர்வைன்னா ஓரம் அடிக்க எங்கிட்ட குடுத்திருப்பாங்களே," என்றார் பாய். "எனக்கு ஒரு ஆர்டரும் வரலியே சார்."

இவர் சிரிக்கவில்லை. "சாயத்தைக் கரைக்கறவன் அரசியல்காரன். அது சரி. நூலு அதைக் குடிக்குதே சார், அது ஏன்? குடிக்காத நூலுக்கு எவனும் சாயம் ஏத்த முடியாது."

"நல்லா கேட்டீங்க போங்க," என்று நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். பதில் இல்லாத ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்லுவோம்.

அடுத்த ஆடியில் நான் அம்மன் தேர்த் திருவிழாக் குழுவின் செயலாளர். தலைவர் ஒரு பட்டு முதலாளி. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது, அவருக்கு வார்டு வேண்டும். கூட்டம் நடந்தால் அவர் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுவார். "படிச்சவங்க பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு தைரியம்" என்பார். என் அப்பா அந்த முதலாளியின் அப்பாவுக்கு முன்னால் கைகட்டி நின்று, தறிக்குப் பாவு நூல் வாங்கிப் போனவர். அந்த நாற்காலி என்னை என்ன செய்தது என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஒரு நாள் முதலாளி தணிந்த குரலில் சொன்னார்: "சார், தேர் மேல அவங்க கொடி ஒன்னு இருந்தா எப்படி இருக்கும்? நம்ம ஆளுங்களுக்கு கொஞ்சம் சூடு ஏறும். அவ்ளோதான். யார் மேலயும் ஒரு நகக்கீறல்கூட படாது. நீங்கதான் மேப்பு எல்லாம் நல்லா வரைவீங்களாமே."

பச்சைத் துணி வேண்டும். கடையில் வாங்கினால் கடைக்காரன் நினைவு வைத்திருப்பான். எங்கள் ஊரில் பட்டு வீட்டிலேயே இருக்கும், பருத்தியைத்தான் கடைக்குப் போய் வாங்க வேண்டும். பீரோவில் மகள் கல்யாணப் புடவையோடு வந்த ரவிக்கைத் துண்டு மடித்தபடி இருந்தது. ரவிக்கையை வேறு நிறத்தில் தைத்துக்கொண்டதால் அதை யாரும் தேடப்போவதில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கிய வெள்ளைப் பெயின்ட் மிச்சம் இருந்தது. காம்பஸ் வைத்துப் பிறை வரைந்தேன். நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் சமமாக வந்தன. அதில் எனக்கு ஒரு சின்ன திருப்திகூட இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலாளியின் ஆள் முதல் நாள் சாயங்காலமே அதைத் தேரின் உச்சியில் கட்டி மேலே துணி போட்டு மூடிவிட்டான். மறுநாள் தேர் கிளம்பும் நேரம். மேள தாளம். மூடிய துணியை இழுத்தார்கள். பச்சை காற்றில் விரிந்தது.

கூட்டம் ஒரு கணம் மூச்சுவிடவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு நடந்ததைச் சில வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் வருகிறது.

பிறகு எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. யாரோ கொடியைப் பிடுங்கினார்கள். "கொடி தைக்கிறவன் அந்தத் தெருவுல ஒருத்தன்தானே இருக்கான்" என்று யாரோ கத்தினார்கள். பாய் கடை வாசலில் எழுந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா. "இன்னாப்பா, இன்னா ஆச்சு?" என்று கேட்டபடி, தெரிந்த முகங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்தத் துணியை அவர் முகத்தில் வீசினார்கள். அதற்குப் பின்னாலேயே கல் வந்தது. வேலூர் போகும் வழியில் அவர் இறந்துபோனார்.

கொடி கட்டியது பாய்தான் என்று முதலாளியின் ஆட்கள் சாட்சி சொன்னார்கள். செத்தவர் மறுத்துப் பேச முடியாது. ஆனாலும் ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சாயக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். குழுவின் செயலாளர் என்பதால் நானும் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மேஜை மேல் துணியைப் பிரித்தார்கள். ஒரு மூலை கறுத்து விறைத்திருந்தது. இவர் நான்கு ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டு வந்தார்.

"இதுல ஒரு தையல்கூட இல்லியே சார். இதுக்கா தையல்காரனைக் கொன்னாங்க?"

ஆய்வாளர் குனிந்து ஓரத்தைத் தானும் திருப்பிப் பார்த்தார்.

"பட்டு வேற. பாய் பட்டு தொழுகைக்குக்கூட உடுத்த மாட்டாரு. ஆம்பளைக்கு ஆகாதும்பாரு. கொடியைப் போய் பட்டுல பண்ணுவாரா?"

"அதெல்லாம் இருக்கட்டும். நிறம் யாருதுன்னு சொல்லுய்யா. ஏய், அதை வாயில வைக்காத, ரத்தம் இருக்குது!"

அவர் வைத்துவிட்டார். கண்ணை மூடினார். இவ்வளவு நேரம் அவர் மூடி நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தபோது ஆய்வாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது சார்," என்றார். "நிறம் தெரியல."

வெளியே வேப்பமரத்தடியில் அவர் எனக்காக நின்றிருந்தார். நான் கடந்துவிடப் பார்த்தேன்.

"பாப்பா எப்படி கீது?"

"முழுகாம இருக்காண்ணா, மூணு மாசம்," என்றேன்.

"கேள்விப்பட்டேன். அந்தப் பொண்ணு கல்யாணப் புடவையைக் கோர்ட்ல மேஜை மேல பிரிச்சுப் போட எனக்கு மனசு வரல. அதனாலதான் ஸ்டேஷன்ல சொல்லல. உங்களுக்காக இல்ல." குரலில் கோபமே இல்லை. "பாய் பேரு கெட்டுப்போய் கிடக்குது. அதை நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். எப்ப குடுப்பீங்களோ குடுங்க."

நான் வீட்டைப் பார்த்து நடந்தேன். தேர்தலில் முதலாளி ஜெயித்தார். பாயின் மனைவியும் மகனும் கடையைக் காலி செய்துகொண்டு வெம்பாக்கம் போய்விட்டார்கள். கொடி கட்டி ஊரைக் கெடுத்தவன் குடும்பம் என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் என் மாணவர்கள் இருந்தார்கள்.

வேப்பமரத்தடியில் பேசிப் பத்து நாள் கழித்து இவர் என் வீட்டு வாசலில் நின்றார். நான் உள் அறையில் இருந்தேன். வெளியே வரவில்லை.

"பாப்பா புடவை சாயம் விடுதுன்னு கேள்விப்பட்டேம்மா. குடுங்க, சரி பண்ணித் தரேன்."

"அப்படி ஒன்னும் விடலியேண்ணா?" என்றாள் என் மனைவி.

"விடும்மா. இனிமே விடும்."

மகள் எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே விட்டுப்போயிருந்த அந்தப் புடவையை வாங்கிப் போனார். அவர் நூலுக்குத்தான் சாயம் போடுவார். நெய்த புடவையைத் தொட்டியில் இறக்கியதே கிடையாது. திரும்பக் கொண்டுவந்தபோது அது கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் அரக்கு நிறத்தில் இருந்தது. சரிகை மட்டும் பழையபடி மின்னியது.

"ஐயோ, கல்யாணப் புடவையை இப்படிப் பண்ணிட்டீங்களேண்ணா!" என் மனைவி அழுதேவிட்டாள்.

"பச்சை நிக்காதும்மா," என்றார். உள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார் என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

அன்று எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அந்தப் பச்சை உலகத்தில் வேறு எங்கும் இல்லை. ஸ்டேஷன் அலமாரியில் கிடக்கும் துண்டை இனி எதோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் துணியையும் நாக்கில் வைக்கவில்லை. யாராவது கேட்டால் "ருசி போச்சு" என்பார். சாயம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். நாளாக ஆக அவர் நாக்கின் நீலம் வெளிறி, எல்லோரையும் போல் சிவப்பாகிவிட்டது. எனக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. நாலு மணி டீயை நான் விட்டுவிட்டேன். தெருவில் எதிர்ப்பட்டால் அவர் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

"சாமிக்காகவா சார், நாட்டுக்காகவா?"

பார்க்கிறவர்களுக்கு அது பழைய நண்பர்களின் வேடிக்கை. நான் "அரசியல்தாண்ணா" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். சில வருஷம் இப்படியே போயிற்று.

அவர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் போனேன். பட்டறைக்குப் பின்னால் ஒரு கயிற்றுக் கட்டில். உடம்பு சுருங்கிவிட்டது. கைகளில் மட்டும் முழங்கைவரை பழைய நிறங்கள், வேறு யாருடைய கைகளையோ அவருக்கு மாட்டிவிட்டதுபோல். அதே கேள்வியைக் கேட்டார். அன்று எனக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை.

"முதலாளிக்கு அது அரசியல்ணா. கல்லு எறிஞ்சவனுக்கு அது சாமி. எனக்கு ரெண்டும் இல்ல. ஒரு நாற்காலி."

"அவ்ளோதானா?"

"இன்னொன்னு இருக்குது." "தேர் மேல அந்தக் கொடி விரிஞ்சப்ப... எனக்கே கோபம் வந்ததுண்ணா. நடிப்பு இல்ல. 'எங்க அம்மன் தேர்மேல எவன்டா?'ன்னு என் வாய்தான் மொதல்ல கத்துச்சு."

அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "நீங்க வரைஞ்சதுதானே சார்?"

"ஆமாம்."

"உங்க பொண்ணு துணிதானே?"

"ஆமாண்ணா."

"கரைச்சவரும் நீங்க. குடிச்சவரும் நீங்க." என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் பயத்தை நான் பார்த்தது அப்போதுதான். ஏரியில் கிடந்தவளின் துணியை நாக்கில் வைத்தபோதுகூட அந்தக் கண்ணில் பயம் இருந்ததில்லை. "அப்ப இதுக்கு வெளிய யாருமே இல்லியா சார்?"

நான்கு நாளில் போய்விட்டார். குளிப்பாட்டியவர்கள் கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். நிறம் போகவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனோம்.

அதற்குப் பின் சில வருஷம் கழித்து, நான் ஓய்வுபெற்ற பிறகு, ஒரு தை மாதம் மகள் வந்திருந்தாள். உறவில் ஒரு கல்யாணம். பெட்டியிலிருந்து அந்த அரக்குப் புடவையை எடுத்தாள். நிறம் மாறிவந்த நாளிலிருந்து அவள் அதைக் கட்டியதில்லை. கட்டிக்கொண்டிருந்தவள் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, இதைப் பாருங்களேன். இங்க மட்டும் பழைய கலர் அப்படியே இருக்குது."

இடுப்பில் உள்ளே செருகுகிற முனை, கட்டினால் யார் கண்ணிலும் படாத இடம். அங்கே ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை. அரக்கு முடிந்து பச்சை தொடங்குகிற இடம் அடிக்கோல் வைத்துக் கிழித்த கோடுபோல் இருந்தது. கோட்டின் மேல் கயிறு அழுத்திய தடம். சாயம் தவறிப்போன இடமானால் விளிம்பு கசிந்து திட்டுத்திட்டாக இருக்கும். இது இறுக்கிக் கட்டி, சாயம் புகாமல் காத்துவைத்த பச்சை.

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சாட்சியை அழிக்கவில்லை. என் வீட்டுக்குள்ளேயே, என் பெண்ணின் இடுப்பு மடிப்பில், என்றைக்காவது நான் எடுக்கட்டும் என்று பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அந்த ஒரு சாணையும் தானே வெட்டி, என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பழைய ஆய்வாளர் இல்லை. புதியவர் மரியாதையாக எழுந்து நின்றார். என்னிடம் படித்தவராம். அந்தக் கொடியைச் செய்தது நான்தான் என்றேன். "சார், அந்தக் கேஸ் எப்பவோ மூடியாச்சு. அந்தப் பொருள் எல்லாம் இப்ப இருக்காது. முதலாளியும் போய்ச் சேர்ந்துட்டாரு. உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல இந்த பேஜாரு?" என்று டீ வரவழைத்தார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன். இனி போக வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது.

வெம்பாக்கத்தில் பாயின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மகனும் தையல்தான். உள்ளே மிஷின் ஓடும் சத்தம். பாயின் மனைவி வாசலுக்கு வந்தார். முகத்தில் முதுமை. ஆரணியிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"பச்சைத் துணி எடுத்துகினு வந்திருக்கீங்களா?"

நான் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"சாயக்கார அண்ணன் இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒருதபா இங்க வருவாரு. 'ஒருத்தரு வருவாரும்மா, பச்சைத் துணி எடுத்துகினு. வந்தா திட்டாதீங்க, உட்கார வச்சு கேளுங்க'ன்னு சொல்லிட்டுப் போவாரு. யாருன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டாரு. நாங்களும் பாத்துகினே இருந்தோம்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "தம்பி, அந்த நாற்காலியை எடுத்துப் போடுப்பா. வந்துட்டாரு."

மிஷின் நின்றது. மகன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அப்பாவின் அதே நெற்றி. அந்த அம்மாள் தன் முந்தானையால் நாற்காலியின் தூசியைத் துடைத்தார்.

"உட்காருங்க. எதுக்கு பண்ணீங்க, சொல்லுங்க."

நான் உட்காரவில்லை. பையிலிருந்து அந்த ஒரு சாண் பச்சையை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன்.

"இது என் மக கல்யாணத்துப் பச்சைம்மா," என்று நின்றபடியே ஆரம்பித்தேன்.